கையும் வைக்காமல் வாயும் திறக்காமல்

சவால்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் குதிரை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். எதற்கெடுத்தாலும் சவால் விட்டே வாங்கிய பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொன்னால் அவருடைய சம்பந்திக்கே கொஞ்சம் யோசித்தால்தான் விளங்கும். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு யாரோ ஒருவருடைய லாயத்தில் குதிரை லத்தி அள்ளினார், வைக்கோலிலேயே படுத்தார், உதை வாங்கினார். குதிரையிடம் வாங்கிய உதை குறைவு, முதலாளியிடம் வாங்கியதுதான் அதிகம் என்பார். கல்குவாரி ஓரத்தில் ஒருத்தரும் சீந்தாத நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, கல் பொறுக்கி, கம்பி வேலி போட்டு, சொந்தமாக லாயம் கட்டிய மனிதர் அவர். சும்மா சொல்லக் கூடாது, படித்துப் பட்டம் வாங்கியவன் நாலு பேர் சேர்ந்தாலும் அப்படி ஒரு லாயம் எழுப்ப முடியாது. கொட்டிலுக்குக் கொட்டில் காற்று வரும். தரையில் ஒரு சொட்டு ஈரம் நிற்காது.

ஊரார் குதிரைகளை வாங்கி வைத்துப் பராமரிப்பதும், பழக்கிக் கொடுப்பதும்தான் தொழில். வெகுகாலம் வாய்ப்பேச்சிலேயே நடத்தினார். பிறகு மகள் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குப் போனாள். அவள்தான் அப்பாவை உட்கார வைத்து ஒப்பந்தம் என்று ஒன்றை எழுதினாள். தீனி யார் செலவு, லாடம் யார் செலவு, நோய் வந்தால் மருத்துவரை அழைக்கும் முடிவு யாருடையது, யார் ஏறிச் சவாரி செய்யலாம், யார் கூடாது, எல்லாம் அதில் இருந்தது. கடைசியில், "பழக்குவதன் பலனுக்கு உத்தரவாதம் இல்லை" என்று ஒரு வரி.

"இது என்னம்மா?" என்றார் சவால்காரர்.

"எல்லா லாயத்துலயும் இப்படித்தான்பா எழுதுவாங்க. குதிரை நாளைக்கு என்ன செய்யும்னு யார் சொல்ல முடியும்?"

"நான் சொல்லுவேன். எடுத்துடு அந்த வரியை."

எடுக்க வைத்ததோடு விட்டாரா? மரக்கடைக்காரர் தன் பெண் குதிரையைக் கொண்டுவந்து கட்டியபோது அந்த இடத்தில் தன் வாயாலேயே வேறு வரி சொல்லி எழுத வைத்தார். பழக்கி முடித்த நாளில் உடைமையாளரே கயிறு பிடித்து லாயத்து வாசலைத் தாண்டிக் குதிரையைக் கொண்டுபோவார். பழக்கியவர் கையும் வைக்க மாட்டார், வாயும் திறக்க மாட்டார். அதற்குள் குதிரை மிரண்டாலோ, பழக்கியவர் கைவைத்தாலோ, பேசினாலோ, உடைமையாளர் வாங்கிய விலைக்கே பழக்கியவர் அந்தக் குதிரையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

"அப்பா, அவர் வாங்கின விலைக்கு நம்ம லாயத்தை வித்தாத்தான் முடியும்."

"விக்கிறதுக்கு வேலையே வராது. நீ தட்டு."

அந்தக் குதிரை பார்க்க ராணி மாதிரி இருக்கும். அதன் பளபளப்பைக் கண்டு மயங்கித்தான் மரக்கடைக்காரர் தலையில் கட்டிக்கொண்டார். முதல் நாளே கடை ஆட்கள் எல்லோரும் பார்க்க அவரைக் கீழே தள்ளிவிட்டது. அன்றிலிருந்து பயம். திருப்பி விற்கலாம் என்றால் பாதி விலைக்குக்கூட ஆள் இல்லை. இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தவன் அவருடைய மச்சினன். கணக்கில் புலி. ஒப்பந்தத்தை ஒரு தடவை படித்தான், கடைசி வரியை இன்னொரு தடவை படித்தான், சிரித்தான்.

ஒப்படைக்கும் நாள் வந்தது. வெளியே குதிரை ஏற்றும் லாரி சாய்வுப் பலகையை இறக்கி வைத்து நின்றது. வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது. மச்சினன் மட்டும் ஒரு பெரிய கறுப்புக் குடையோடு வந்திருந்தான்.

"நிபந்தனை ஞாபகம் இருக்குல்ல பெரியவரே?" என்றான்.

"சொன்னவனுக்கே ஞாபகப்படுத்துறீங்களா தம்பி? நான் அந்தத் தண்ணித் தொட்டிக்கிட்ட நின்னுக்கறேன். என் நிழல்கூட குதிரை மேல படாது."

மரக்கடைக்காரர் கொட்டிலுக்குள் போய்க் கயிற்றை அவிழ்த்தார். குதிரை தலையைத் தாழ்த்திச் சாதுவாகக் கூடவே வந்தது. சவால்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். மகள் லாயத்து அலுவலக அறை ஜன்னலில் நின்றாள்.

பாதி தூரம் வந்திருப்பார்கள். அப்போதுதான் சவால்காரரின் கண் மரக்கடைக்காரரின் கைக்குப் போனது. பயத்தில் அந்த மனிதர் கயிற்றை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு சுற்று அல்ல, இறுக இறுக இரண்டு சுற்று. குதிரை ஒரு துள்ளு துள்ளினால் கயிறு சுருக்காக விழும். விரல் போகும். விரல் போகாவிட்டால் ஆளையே தரையோடு இழுத்துக்கொண்டு போகும். அப்படி இழுபட்ட ஒருவரை அவர் பார்த்திருக்கிறார். பிறகு அந்த ஆள் சட்டைப் பொத்தான் போடவே இன்னொருவர் வேண்டியிருந்தது.

அடுத்து வாசலைப் பார்த்தார். மச்சினன் தூண் ஓரமாக நின்றிருந்தான். குடை இடுப்பளவில், முனை குதிரையை நோக்கி. கட்டைவிரல் பொத்தானில்.

விஷயம் விளங்கிவிட்டது.

குடைக்குப் பழக்காத குதிரையா அது? குடை, சாக்கு, பிளாஸ்டிக் தாள், தகர டப்பா, எதையும் விடவில்லை அவர். காதுக்குப் பக்கத்தில் விரித்தாலும் புல்லை மென்றுகொண்டே நிற்கும். ஆனால் அப்போதெல்லாம் கயிற்றின் மறுமுனையில் இருந்தது அவர் கை. இன்றைக்கு இருப்பது நடுங்கும் கை. அந்த நடுக்கம் கயிறு வழியாகக் குதிரைக்குப் போய்க்கொண்டேயிருந்தது. அதன் ஒரு காது பின்னால் திரும்பிவிட்டது.

நிற்கும் என்றது மனசு. பத்தில் ஒன்பது தடவை நிற்கும். வாயை மூடிக்கொண்டிரு, நின்றுவிட்டால் ஊரே உன் பேச்சைப் பேசும். வாயைத் திறந்தால் லாயம் போயிற்று. அதைவிட, இத்தனை பேருக்கு முன்னால் என் குதிரையை நானே நம்பவில்லை என்று சொன்னதாக ஆகிவிடும். வாழ்நாளில் ஒரு தடவைகூட அவர் சொல்லாத சொல் அது.

குதிரை வாசலை நெருங்கியது. பொத்தான் மேலிருந்த விரல் அசைந்தது.

"தம்பி, கயித்தைக் கையில சுத்தாதீங்க. அவுத்துடுங்க." சவால்காரரின் குரல் அவருடையது போலவே இல்லை. "மிரளாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. உடனே அவுங்க."

மரக்கடைக்காரர் திடுக்கிட்டுக் கையை உதறி விரித்தார். சுற்று நழுவவும் படாரென்று குடை விரியவும் சரியாக இருந்தது. குதிரை பக்கவாட்டில் துள்ளியது. திறந்த உள்ளங்கையைத் தீய்த்துக்கொண்டு கயிறு ஓடியது. நாலு பாய்ச்சல். கயிறு தரையில் இழுபடுவதை உணர்ந்ததும், பழக்கிய பழக்கப்படி, குதிரை நின்றது. மூச்சு வாங்கியபடி திரும்பிப் பார்த்தது.

"பேசிட்டார்," என்றான் மச்சினன். "குதிரையும் மிரண்டுடுச்சு. ஒண்ணு போதும், ரெண்டும் ஆச்சு. அத்தான், வாங்க போகலாம்."

"ஆமா, பேசினேன்," என்றார் சவால்காரர். "எழுதினது எழுதினதுதான். குதிரையை விட்டுட்டுப் போங்க தம்பி. லாயத்தை வித்தாவது விலையைக் கொடுத்துடறேன்."

ஜன்னலில் நின்ற மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மரக்கடைக்காரர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குறுக்கே சிவப்பாக ஒரு கோடு. விரல்களை மடக்கினார், நீட்டினார். எல்லாம் இருந்தன.

"மச்சான், வெயில்ல எதுக்குக் குடை?"

"மழை வரும்னு சொன்னாங்க அத்தான்."

"யாரு?"

மச்சினன் குனிந்து குடையை மடக்கப் பார்த்தான்.

"நான் என் கை வலிக்குதேன்னு பார்க்கறேன். அந்தப் பெரியவர் லாயமே போகும்னு தெரிஞ்சு பேசியிருக்கார். நீ என் கை போனாலும் பரவாயில்லைன்னு நின்னிருக்க."

"அத்தான், நான் உங்க பணத்துக்காகத்தான்..."

"அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டது நீயா நானா?"

"நீங்கதான்."

"அப்ப குதிரையைக் கொடுக்கறதா வேண்டாமான்னு நான் சொல்றேன்." தொட்டிப் பக்கம் திரும்பினார். "ஐயா, எப்படிப் பிடிக்கணும்?"

சவால்காரர் தொட்டியை விட்டு ஓரடி முன்னால் வந்தார். "மடிச்சு, மடிப்புக்கு நடுவுல பிடிங்க. அது இழுத்தா உங்க கையை விட்டுப் போகணும், உங்களைக் கூட்டிட்டுப் போகக் கூடாது."

மரக்கடைக்காரர் போய்க் கயிற்றை எடுத்தார். மடித்தார். கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. குதிரை அவர் தோளை மோந்து பார்த்தது. இரண்டு பேரும் சேர்ந்து வாசலைத் தாண்டினார்கள். லாரி ஓட்டுநர் பலகையைக் காட்டினார். மரக்கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டுச் சாலையோரமாக நடந்தே போனார். பின்னால் மச்சினன், மடங்க மறுத்த குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டு.

மகள் வெளியே ஓடிவந்தபோது சவால்காரர் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தார்.

"ஏன்பா உட்கார்ந்துட்டீங்க?"

"முட்டி வலிம்மா."

"எந்த முட்டி?"

"ரெண்டும்தான்," என்றார்.