கரண்டி இலைக்குப் போன நிக்கனோரா

என் அண்ணி நிக்கனோரா சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இபெரா சதுப்பின் நடுவே, இந்த மணல்மேட்டில் எங்கள் இரண்டு வீடுகள்தான். மாடு கறப்பாள், கூரைக்குப் புல் அறுப்பாள், மரவள்ளி தோண்டுவாள். நான்கு பிள்ளைகளைப் பெற்று நால்வரையும் நகரத்துக்கு அனுப்பிவிட்டாள். மிச்சம் இருந்தது என் அண்ணன் எலாடியோ ஒருவர். நாலு பிள்ளை படுத்தாத பாட்டை அவர் ஒருவரே படுத்தினார்.

அண்ணனுக்குச் சிறுநீரகக் கோளாறு. கால் இரண்டும் வீங்கிப்போய் நாற்காலியே கதி. ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். எங்கள் அப்பா அங்கே போய்ச் சவப்பெட்டியில் திரும்பி வந்தவர். ஆகவே அண்ணனுக்கு ஒரே மருந்து கரண்டி இலை. ஆழமில்லாத தண்ணீரில், சேற்றில் வேர்விட்டு, கரண்டிபோல் அகன்ற இலையோடு நிற்கும் செடி. அதை இடித்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, அந்தத் தண்ணீரைத் தெரெரே என்னும் பச்சிலைத்தூள் பானக் குவளையில் ஊற்றிக் குழலால் உறிஞ்ச வேண்டும். வாடின இலை ஆகாது என்பார். அதனால் அண்ணி நாள் விட்டு நாள் படகை எடுத்து, மூங்கில் கழியை ஊன்றி ஊன்றி, வடக்கு ஓடை வரை போவாள். காலையில் போனால் திரும்பும்போது வெயில் சாய்ந்திருக்கும்.

"உன் அண்ணனுக்கு இலை பறிச்சே என் தோள் கழண்டு விழப்போகுதுடி" என்பாள் என்னிடம்.

"ஒரு நாள் போகாம இருங்களேன் அண்ணி."

"போகாட்டி அது மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்காரணுமே!"

அவள் சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் கண்ணுக்குக் கீழே குழி விழுந்திருந்தது.

கரண்டி இலைக்கு ஒரு பங்காளி உண்டு, அம்பு இலை. இரண்டும் ஒரே சேற்றில்தான் வளரும். இரண்டுக்கும் மூன்று இதழ் வெள்ளைப் பூ. மற்ற நாளில் குழப்பமில்லை. அம்பு இலை பேருக்கேற்றபடி அம்பு முனையாகவே இருக்கும். வெள்ளம் ஏறிவிட்டால்தான் வினை. ஆழத்துத் தண்ணீரில் அம்பு இலை தன் முனையை மறந்துவிட்டு நீளவாட்டில் வளரும். பார்த்தால் இளங்கரண்டி இலை போலவே இருக்கும். அதனால் எங்களுக்கு ஒரு வழக்கம்: வெள்ளக் காலத்தில் பூவைப் பார்க்காமல் இலையைக் கிள்ளுவதில்லை. கரண்டியின் பூ முழு வெள்ளை. அம்பின் பூவில், ஒவ்வொரு இதழும் அடியில் வெற்றிலைக் கறை பட்டதுபோல் கருஞ்சிவப்பாக இருக்கும்.

போன ஆண்டு வெள்ளம் வந்து நின்றது, பல வாரம் வடியவே இல்லை. பூ என்று ஒன்றும் தலைகாட்டவில்லை. அண்ணி மட்டும் வழக்கம்போலப் போய் இலையோடு வந்தாள். அண்ணனும் குவளையை உறிஞ்சிவிட்டு, "நல்லா இருக்கு நிக்கா, கேக்குது" என்பார். கால் வீக்கம் என்னவோ முட்டி வரை ஏறியிருந்தது.

தண்ணீர் வடியத் தொடங்கிய வாரம் அண்ணி சீக்கிரமே திரும்பி வந்தாள். படகைக் கட்டக்கூட இல்லை. நான் அண்ணனுக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் கையில் ஒரு பூங்கொத்து. இதழ்களின் அடியில் கருஞ்சிவப்பு.

"யோவ் கிழவா, இதைப் பாரு. இத்தன நாளா நான் உனக்குக் குடுத்தது இதுதான். அம்பு இலை." அவள் குரல் உடைந்தது. "வடக்கு ஓடைக்கு நான் போகவே இல்லய்யா. இந்தா இருக்கிற வளைவுல, நாணலுக்குள்ள படகைச் சொருகிட்டுக் கைக்கு எட்டினதைப் பிடுங்கினேன். கரண்டின்னுதான் நெனச்சேன், சத்தியமா. பூ இல்லியே. கை கால் ஓஞ்சு போச்சு. உன்னக் கொல்லப் பாத்துட்டேனே!"

அண்ணன் பூவை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"தெரியும்" என்றார்.

"என்னது தெரியும்?"

"மொத வாயிலயே தெரியும். கரண்டின்னா கசக்கும்ல. இது வெறும் குளத்துத் தண்ணி."

அண்ணிக்கு வந்ததே ஒரு கோபம்! பூங்கொத்தை அவர் மடியில் விட்டெறிந்தாள். "அப்போ வாயில என்ன கொழுக்கட்டையா? நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு உறிஞ்சினியே! கால் இப்படி வீங்கிக் கெடக்கு. ஆஸ்பத்திரிக்குப் பயந்துதானே சொல்லாம இருந்தே?"

"அதுக்கும் பயம்தான்" என்று ஒப்புக்கொண்டார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், "நீ திரும்பி வரும்போது கன்னத்துல படகுப் பலகைத் தடம் இருந்துச்சு, நிக்கா. நீ எங்கயோ படுத்துத் தூங்கிட்டு வர்றேன்னு புரிஞ்சுது" என்றார்.

அண்ணியின் கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று.

"அதுக்கு? வீட்டுலயே தூங்குடின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இங்கயே தூங்கியிருப்பேனே."

"இங்க எங்க நான் உன்னத் தூங்க விடுறேன்?" என்றார் அண்ணன். "தண்ணிங்கிறேன், காலைத் தூக்கி வைங்கிறேன், சும்மாவாச்சும் கூப்பிடுறேன். என்னால வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியல. இலைக்குன்னு போனாத்தான் நீ தூங்குவே. அதான் குடிச்சேன்."

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கால்களை நீட்டிக்கொண்டு, நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கவே, சத்தம் போட்டு அழுதாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. அண்ணன் எட்டி அவள் தலையைத் தொடப் பார்த்தார். குனிய முடியவில்லை.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு ஆஸ்பத்திரி. முடியாதுன்னு ஒரு வார்த்த சொன்னே, படகோட சேத்துக் கட்டித் தூக்கிட்டுப் போவேன்."

"சரி" என்றார் அண்ணன். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் எத்தனை வருடம் காத்திருந்தாளோ.

மறுநாள் விடிந்ததும் அவரைப் படகில் கிடத்தினோம். கழியை அண்ணியின் கையிலிருந்து நான் பிடுங்கிக்கொண்டேன். எனக்கும் முதுகுவலிதான், ஆனாலும் துறை வரை நான்தான் தள்ளினேன். புறப்பட்டுக் கொஞ்ச தூரத்திலேயே அண்ணி அவர் பக்கத்தில் சாய்ந்து தூங்கிப்போனாள். வழியில் அண்ணனின் உதடு வறண்டு வெடித்ததைப் பார்த்தேன். தண்ணீர்க் குடுவை அவள் தலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. துறை வரும் வரை அவர் வாயைத் திறக்கவே இல்லை.