ரீசெட் செய்த கால்குலேட்டர்

என் மனைவி வசந்தகுமாரிக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. நாற்பத்து மூன்று வயது, சிங்கப்பூர் ஆங் மோ கியோவில் ஒரு பலதுறை மருந்தகத்தில், அதாவது பாலிகிளினிக்கில், பதிவு முகப்பில் வேலை. இந்த வயதில் புள்ளியியல் பட்டம் வாங்கியே தீருவேன் என்று நிற்கிறாள். அதற்குப் பல்கலைக்கழகம் நுழைய எழுதும் ஏ லெவல் பரீட்சையில், கணிதத்தில் ‘சி’ வேண்டும். முதல் தடவை ‘டி’தான் வந்தது. “விட்டுத் தள்ளு லா” என்றேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை, மகாராணி.

அடுத்த வருடம் முழுக்க கிராஃப் கால்குலேட்டரும் கையுமாகவே திரிந்தாள். செங்காங்கிலிருந்து ரயிலில் போகும்போதும் அதே தட்டல்தான். எதிர்பார்ப்பு மதிப்பு, அதாவது நிகழ்தகவையும் சேர்த்துப் பார்க்கும் சராசரி, கண்டுபிடிக்க எண்களை எல்-ஒன் பட்டியலிலும் அவற்றின் நிகழ்தகவுகளை எல்-டூவிலும் போட வேண்டுமாம். பிறகு திரையில் இரண்டு கட்டம் வரும். முதலாவதில் எல்-ஒன், இரண்டாவதில் எல்-டூ. ஒருமுறை போட்டால் அப்படியே நிற்கும். அதனால் இவள் கட்டங்களைப் பார்க்காமலே தட்டிப் பழகிவிட்டாள்.

பரீட்சை மண்டபத்திலோ, தொடங்குமுன் எல்லாரும் கால்குலேட்டரை ரீசெட் செய்து, அதில் இருப்பதையெல்லாம் அழித்தாக வேண்டும். செய்தாள். இரண்டாம் கட்டம் காலியானதைக் கவனிக்கவில்லை.

ஒரு விளையாட்டில் 0, 2, 5, 25 புள்ளிகள் கிடைக்கும். நிகழ்தகவு முறையே 0.6, 0.25, 0.1, 0.05. சராசரியாக எத்தனை புள்ளி? கால்குலேட்டர் எட்டு என்றது. அதை வைத்தே அடுத்த இரண்டு பகுதிகளையும் எழுதிவிட்டாள். கடைசிப் பத்து நிமிடத்தில் திருப்பிப் பார்த்தபோதுதான் உறைத்தது.

“நூத்துல அறுபது தடவை ஒண்ணுமே கிடைக்காதாம், சராசரி எட்டாம்! ‘யார் காதுல பூ சுத்துற’ன்னு வாய்விட்டே கேட்டுட்டேங்க. கண்காணிப்பாளர் முறைச்சாரு” என்றாள் வெளியே வந்து.

கால்குலேட்டர் நிகழ்தகவைத் தொடாமல் நான்கு எண்களையும் கூட்டி நாலால் வகுத்திருக்கிறது. இரண்டாம் கட்டத்தில் எல்-டூவைப் போட்டதும் 2.25 வந்தது. பக்கம் முழுவதையும் அடித்துவிட்டு மூன்று பகுதிகளையும் மறுபடி எழுதினாள். கடைசி வரி முடியவும் பேனாவைக் கீழே வைக்கச் சொல்லவும் சரியாக இருந்ததாம்.

முடிவு வந்த அன்று தேக்கா உணவங்காடியில் உட்கார்ந்திருந்தோம். பார்க்கப் பயந்து கைப்பேசியை என்னிடம் நீட்டினாள்.

“சி.”

“நிஜமாவா? நல்லா பாருங்க.”

“சி தான் குமாரி.”

கைகளில் முகத்தைப் புதைத்துத் தேம்பித் தேம்பி அழுதாள். பக்கத்து மேசைச் சீனப் பெரியவர் பதறிப்போய் டிஷ்யூ பாக்கெட்டை நகர்த்தி வைத்தார். இரண்டு எடுத்தேன். ஒன்று எனக்கே தேவைப்பட்டது.