பேக்கரி வாசலில் இருபத்திரண்டு வீடுகள்

"இந்த அம்புக்குறிய அழுத்தினா நீ எங்க நிக்கிறேன்னு அதுக்குத் தெரிஞ்சிடும்மா" என்றாள் மகள்.

"நான் எங்க நிக்கிறேன்னு எனக்கே தெரியுமே. அதுக்கு எதுக்குச் சொல்லணும்?" என்றாள் அம்மா.

உனக்காக இல்லை, உனக்குப் பதிலாக வரப்போகிற சிஸ்டருக்காக என்று மகள் விளக்கினாள். ஃபோனில் ஒவ்வொரு வீட்டுக்கும் இருக்கிற குறிப்பைத் திறந்து அம்புக்குறியைத் தொட்டால் இடமும் அதோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு வரைபடத்தில் ஒவ்வொரு வீடும் ஒரு சிவப்புப் புள்ளியாகத் தெரியும். புது சிஸ்டர் புள்ளியைப் பார்த்துக்கொண்டே வாசலுக்குப் போய் நின்றுவிடலாம். அம்மா ஃபோனை மூக்கருகே கொண்டுவந்தாள், தள்ளிப் பிடித்தாள், மறுபடி மூக்கருகே கொண்டுவந்தாள்.

"எந்த அம்பு? எனக்கு எல்லாமே கொசு மாதிரி இருக்கு."

"அதுக்குத்தானேம்மா ஆபரேஷன்."

"சரி சரி, ஆரம்பிச்சிடாத. அழுத்தறேன்."

அழுத்தவும் செய்தாள். ஒரு வேலையைச் சொல்லிவிட்டால் அதை அவள் அரைகுறையாக விட்டாள் என்று யாரும் குறை சொல்ல முடியாது. வினையே அதில்தான் வந்தது.

அம்மாவுக்கு வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ் வேலை. படுக்கையில் கிடப்பவர்களுக்குப் புண் கட்டுவாள், சர்க்கரைக்காரர்களுக்கு ஊசி போடுவாள், மருத்துவமனையிலிருந்து திரும்பியவர்களைக் கெஞ்சியும் மிரட்டியும் நடக்க வைப்பாள். இருபத்திரண்டு வீடுகள் அவள் பொறுப்பு. முகவரிகள் அலுவலகத்தில் இருக்கத்தான் செய்தன. ஆனால் முகவரி ஒரு தெருவில் இருக்கும், ஆள் இன்னொரு தெருவில் இருப்பார். எண் எழுதிய கதவு ஒன்றாக இருக்கும், திறக்கிற கதவு வேறாக இருக்கும். ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது பதிலுக்குப் போன பெண் பாதி வீடுகளைக் கண்டுபிடிப்பதற்குள் மதியமாகிவிட்டது. ஊசி போட்ட பிறகுதான் சாப்பிட வேண்டும் என்று காத்திருந்த ஒரு அம்மாள் மயங்கி விழுந்துவிட்டாள். அன்றிலிருந்து லீவு என்ற சொல்லைக் கேட்டாலே அம்மா காதைப் பொத்திக்கொள்வாள்.

வலது கண்ணில் புரை முற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் கொடுத்த தேதியை இரண்டு முறை தள்ளிப் போட்டிருந்தாள். மூன்றாவது முறையும் தள்ளினால் வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சற்றுக் காரமாகவே சொல்லியிருந்தார். மகளைப் பயமுறுத்தியது டாக்டரின் கோபம் அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஊசி போடப்போன அம்மா, இன்சுலின் ஏற்றிய ஊசியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பத்துல நிக்குதா பாரு" என்று அவளிடம் கேட்டாள். பத்தைத் தாண்டி நின்றது. கொஞ்சம்தான். அம்மா குறைத்துக்கொண்டாள். அம்புக்குறிப் பாடம் அன்று சாயங்காலமே தொடங்கியது.

குறிப்புகள் ஏற்கெனவே ஃபோனில் இருந்தன. கண் மங்கிய பிறகு அம்மா எழுதுவதை விட்டு, வாயால் சொல்லிப் பதிய வைத்தவை. 'நாய் குரைக்கும், கடிக்காது. பூனையிடம் ஜாக்கிரதை.' 'இடது கையில்தான் ஊசி. வலது கையைத் தொட்டால் ஊரைக் கூட்டிவிடுவார்.' 'மகளைப் பற்றிக் கேட்காதே. மருமகனைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேள்.' மருந்தும் அளவும் இதற்கெல்லாம் கீழே, இடம் மிச்சமிருந்தால் வரும். இடம் மட்டும்தான் எதிலும் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்த அம்மா ஃபோனை மேசைமேல் வைத்து, "எல்லாத்துக்கும் போட்டாச்சு. ஒண்ணு விடல" என்றாள். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளையின் முகம் அவளுக்கு. திங்கட்கிழமை ஆபரேஷன். மகள் வரைபடத்தைத் திறந்தாள்.

ஒரே ஒரு புள்ளி இருந்தது. அதன்மேல் 22 என்று எழுதியிருந்தது. விரல்களால் விரித்துப் பெரிதாக்கினாள். சர்க்கரையில் எறும்பு மொய்த்ததுபோல எல்லாப் புள்ளிகளும் கடைத்தெரு முனையில் ஒரே வாசலில் குவிந்திருந்தன.

"அம்மா, பூங்காவுக்கு எதிர்ல என்ன இருக்கு?"

"பேக்கரி. ஏன், பன் வேணுமா?"

"உன் நோயாளிங்க அத்தனை பேரும் அங்கதான் இருக்காங்க."

அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. நோயாளியின் வீட்டில் அவள் ஃபோனை வெளியே எடுக்கவே மாட்டாள். வலிக்கிறது என்று ஒருத்தர் சொல்லிக்கொண்டிருக்கும்போது கண்ணாடித் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்கு வலி இரண்டு மடங்காகும் என்பது அவள் கட்சி. அதிலும் மருமகன் சமாசாரத்தை அவர் முன்னாலேயே எப்படி உரக்கச் சொல்லிப் பதிவது? அதனால் ஒரு பகுதி வீடுகளை முடித்ததும் பேக்கரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, டீ ஆறும்வரை எல்லாவற்றையும் சொல்லி முடிப்பாள். அம்புக்குறியையும் அங்கேயே, டீயும் கையுமாக, ஒவ்வொன்றாக அழுத்தியிருக்கிறாள்.

"எங்க இருக்கேனோ அதத்தான் சொல்லும்னு நீதானடி சொன்ன. அங்கதான் இருந்தேன். அது பொய் சொல்லல, நானும் பொய் சொல்லல" என்றாள் அம்மா. பிறகு மெதுவாக, "அப்ப திங்கட்கிழமை வேணாம். அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றாள். அந்தக் குரலில் வருத்தம் என்று பேருக்குக்கூட இல்லை. தலைக்குமேல் தொங்கியது தள்ளிப்போன நிம்மதிதான் இருந்தது.

மகளுக்கு வாதாட வராது. சிறு வயதிலிருந்தே வாய் மூடி வேலை செய்கிற பிறவி. ஆணியில் தொங்கிய ஸ்கூட்டர் சாவியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு நான் ஓட்டறேன்" என்றாள்.

சனியும் ஞாயிறும் இருவரும் சுற்றினார்கள். அம்மா மருந்துப் பையோடு உள்ளே போவாள். மகள் வெளியே நின்று அந்த வீட்டின் குறிப்பைத் திறந்து, பழைய இடத்தை நீக்கிவிட்டுப் புதிய இடத்தைச் சேர்ப்பாள். திரும்பி வரும் அம்மா தவறாமல் ஒரு திருத்தம் வைத்திருப்பாள். இந்த கேட்டைத் திறந்து வருஷக்கணக்காகிறது, பக்கத்துச் சந்துக்கு வா. மணி அடித்தால் கேட்காது, சமையலறை ஜன்னலில் தட்டணும், அதனால் ஜன்னலுக்குக் கீழே போய் நின்று அழுத்து. ஒரு வீட்டில் புள்ளி சரியாகத்தான் விழுந்தது, ஆனால் ஆள் மூன்றாவது மாடியில் இருந்தார். புள்ளிக்கு மாடி தெரியாது என்று மகள் சொன்னாள். "அதுக்கு முழங்கால் இருந்தாத் தெரிஞ்சிருக்கும்" என்று அம்மா படியைப் பிடித்து ஏறினாள்.

வெளியே நிற்கும்போதெல்லாம் மகள் உள்ளேயிருந்து வரும் சிரிப்பைக் கேட்டாள். வீட்டில் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பதற்குள் தூங்கி விழுகிற அம்மாவா இது என்று இருந்தது. ஒரு வீட்டில் யாரோ, வாசலில் நிற்கிற பெண் யார் என்று கேட்டார்கள். "என் டிரைவர். சம்பளம் கேக்க மாட்டா, பேசவும் மாட்டா. கொடுத்து வச்சவ நான்" என்றாள் அம்மா. மகள் சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

ஒவ்வொரு வீட்டிலும் அம்மா சொன்னது ஒன்றுதான்: ஒரு வாரம் வேறு சிஸ்டர் வருவார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். ஏன் என்று கேட்டவர்களுக்குச் சும்மா என்று மட்டும் பதில் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகள் வரைபடத்தைப் பெரிதாக்கினாள். ஊர் முழுக்கப் புள்ளிகள் கொட்டிக் கிடந்தன. பேக்கரி வாசல் காலியாக இருந்தது. புது சிஸ்டருக்கு எல்லாவற்றையும் அனுப்பினாள். சற்று நேரம் கழித்து அங்கிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: பூனை பால்கனியில் இருக்குமா, உள்ளே இருக்குமா? மகள் படித்துக் காட்டியதும் அம்மாவின் முகம் தெளிந்தது. "குறிப்பையெல்லாம் படிச்சிருக்கா. பொழச்சுக்குவா" என்றாள்.

திங்கட்கிழமை கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு அவளை வரிசையில் உட்கார வைத்தார்கள். எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரம்கூட அவளுக்கு வெள்ளை வட்டமாகத்தான் தெரிந்தது. எத்தனை பேருடைய கையைப் பிடித்து ஊசி போட்டவள், இப்போது தன் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பச்சை அங்கியைக் கசக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்தாள். இரண்டடி நடந்தவள் திரும்பி வந்து மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

போச்சு என்று நினைத்தாள் மகள். மூன்றாவது தடவை.

"வரலையா சிஸ்டர்?" என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற ஊழியர் கேட்டார்.

"ஒரே நிமிஷம்" என்ற அம்மா, மகள் இருந்த திசையில் கையை நீட்டி அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"ஃபோன எடு. மூணாம் மாடிக்காரர் குறிப்புல ஒரு வரி சேத்துடு. நான் எங்கன்னு கேட்டா, கல்யாணத்துக்குப் போயிருக்கேன்னு அந்தப் பொண்ணு சொல்லட்டும். ஆபரேஷன்னு மட்டும் சொல்லிடக் கூடாது. அவர் பொண்டாட்டி அப்படித்தான் ஆபரேஷனுக்குப் போய்ட்டு வரேன்னு போனா, திரும்பி வரல. கேட்டார்னா மனுஷன் சோத்தைத் தொட மாட்டார்."

"யார் கல்யாணம்னு கேட்டா?"

"யாரோடதாவது போடு. உன்னோடதுன்னு மட்டும் போடாதடி, நான் திரும்பிப் போனதும் பத்திரிகை எங்கன்னு கேப்பார்."