அம்மா ஓடிய நூறு கஜம்

எனக்கு ஒன்பது வயதானபோது, பள்ளி விளையாட்டு விழாவின் நூறு கஜ ஓட்டத்தில் நான் முதலாவதாக வந்தே தீருவேன் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பா கூட்ஸ் ஷெட்டில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தார். மாலையில் வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல், குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலிருந்த செம்மண் பாதையில் என்னை ஓடவிட்டுவிட்டுக் கையில் கடிகாரத்தோடு நிற்பார். காலையில் கட்டாயமாக இரண்டு அரைவேக்காட்டு முட்டை. புறப்படுகிற ரயிலைப் பிடிக்கக்கூட அவர் தம் வாழ்நாளில் ஓடியதில்லை என்று அம்மா எனக்கு ரகசியமாகச் சொல்லியிருந்தாள்.

அவருடைய வேகத்துக்குக் காரணம் இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டரின் மகள் என் வகுப்பில்தான் படித்தாள். நெட்டைக் கால்காரி. போன வருஷம் அவள்தான் முதல். ஸ்டேஷன் மாஸ்டரிடம் 'எஸ் சார்' என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல வாய்க்காத அப்பாவுக்கு, பள்ளித் திடலிலாவது ஒரு நாள் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று ஆசை. எனக்கோ முதல் பரிசுப் பொம்மை மேல்தான் கண். படுக்க வைத்தால் இமையை மூடிக்கொள்ளும் பொம்மை அது. ஒரு வாரமாகத் தலைமையாசிரியையின் கண்ணாடி அலமாரியில் கண் விழித்து உட்கார்ந்திருந்தது.

விழா அன்று அப்பா டை கட்டிக்கொண்டு வந்தார். மிஷன் பெண்கள் பள்ளி என்பதால் எல்லாவற்றுக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. அப்பாக்களுக்கு முன்வரிசையில் நாற்காலி, அம்மாக்களுக்குத் தூங்குமூஞ்சி மரத்தடியில் பெஞ்சு. ஓடுபாதையின் இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருந்தார்கள். பெற்றோர் யாரும் கயிற்றுக்கு உள்ளே வரக்கூடாது என்று டீச்சர் ஆங்கிலத்திலும் தமிழிலும் சொன்னார். அவர் சொல்லும்போதே அப்பா உள்ளேதான் நின்றுகொண்டிருந்தார். சுண்ணாம்புக் கோடு கோணலாகப் போட்டிருப்பதாகவும், ஸ்டேஷன் மாஸ்டர் மகள் நிற்கும் இடத்தில் அது ஒரு சாண் முன்னால் போவதாகவும் டீச்சரிடம் மிகப் பணிவாக எடுத்துச் சொன்னார். இரண்டு தடவை கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள். எனக்கு மானம் போயிற்று. போவதற்கு இன்னும் நிறைய மிச்சமிருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

விசில் ஊதியதும் நன்றாகத்தான் ஓடினேன். பாதித் தூரத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் மகளும் நானும் தோளோடு தோள் உரசிக்கொண்டு போனோம். அப்பாவின் 'கமான், கமான்' பின்னாலிருந்து கேட்டது. திடீரென்று வலது பக்கம் இன்னொரு குரல்.

"ஓடு புள்ள! திரும்பிப் பாக்காத, ஓடு!"

திரும்பிப் பார்த்தேன்.

கயிற்றுக்கு வெளியே அம்மா ஓடிவந்துகொண்டிருந்தாள். சேலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள். கொண்டை அவிழ்ந்துவிட்டது. செருப்பு எங்கோ போய்விட்டது. கொஞ்ச தூரம் என் பக்கத்திலேயே ஓடினாள். பிறகு என்னைத் தாண்டினாள். ஸ்டேஷன் மாஸ்டர் மகளையும் தாண்டினாள். என்னைப் பார்த்துக் கத்துவதைக்கூட நிறுத்திவிட்டு, நேரே முன்னால் பார்த்து ஓடினாள். திடலே சிரித்தது. பரிசு கொடுக்க வந்திருந்த வெள்ளைக்காரத் துரைசானி தொப்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெட்கத்தில் என் கால் ஓடவே மாட்டேன் என்றது. நான்காவதாக வந்தேன். பரிசு மூன்று பேருக்குத்தான்.

முடிவுக் கோட்டைத் தாண்டிப் போய் நின்று அம்மா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி, யாழ்ப்பாணத்து அம்மாள், திடலைச் சுற்றி நடந்து வந்து செருப்பு இரண்டையும் அவள் காலடியில் வைத்தார். "நல்லா ஓடினியள்" என்றார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. குத்திக்காட்டுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அழுதேன்.

வீடு வரும்வரை அப்பா பத்தடி முன்னாலேயே நடந்தார். உள்ளே வந்து டையைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகுதான் வாய் திறந்தார்.

"தோட்டத்துப் பழக்கம் போவுதா பாரு. அடுத்த வருஷம் நீ வர வேணாம். வீட்லயே இரு."

"சரிங்க" என்றாள் அம்மா. அவரும் கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்து வளர்ந்தவர்தான் என்பதை அவள் எடுத்துச் சொல்லவில்லை. பாவம், அவருக்கும் அன்று அவமானம்தான். மறுநாள் ஸ்டேஷன் மாஸ்டர் முகத்தில் விழிக்க வேண்டுமே. எனக்கு அந்தத் தீர்ப்பு ரொம்ப நியாயமாகப் பட்டது.

தோட்டத்தில் அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஏழு வயதிலிருந்து ரப்பர் பால் வாளி சுமந்தவள். ஓடினால் பால் சிந்தும், சிந்தினால் அடி விழும். அதனால் எங்கேயும் நடைதான். பதினாறில் கல்யாணம். இதையெல்லாம் எனக்கு ஒரு மகள் பிறந்து, அவள் ஓடத் தொடங்கிய பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு என் துக்கமெல்லாம் பொம்மை போயிற்றே என்பதுதான்.

குழாயடியில் அம்மா காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளங்காலில் தொட்டாற்சுருங்கி முள் தைத்திருந்தது. ஊக்கு கேட்டாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கொண்டுபோய்க் கொடுத்தேன். முள்ளைக் கிளறியபடி, அப்பா பக்கத்தில் இல்லையே என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஏம் புள்ள, நெசத்தச் சொல்லு. அந்தக் கோட்ட யாரு மொதல்ல தாண்டுனா? நானா, ஸ்டேஷன் மாஸ்டர் பொண்ணா?"

"எனக்குத் தெரியாது" என்றேன்.

நன்றாகத் தெரியும். நாலு எட்டு முன்னால் போனவள் அம்மாதான். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயதுதான் என்பதும், இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு என்னை விட்டால் அவளுக்கு வேறு யாருமில்லை என்பதும்தான் எனக்குத் தெரியாது.