திகதிக்கு விட்ட இடம்

என் உம்மாவின் தங்கையை, எங்கள் சாச்சியை, அடக்கம் செய்து நாலு மாதமாகியும் அவருடைய கடிதங்கள் கல்முனையிலிருந்து சவூதிக்குப் போய்க்கொண்டிருந்தன. அனுப்பியவன் நான்தான். எண்பதுகளின் தொடக்கம் அது.

அவருக்கு ஒரே மகன்; எனக்குத் தம்பி முறை, அண்ணன் என்பதற்கு என்னைக் 'காக்கா' என்பான். அங்கே இரண்டு வருட ஒப்பந்தத்தில் வேலை. சாச்சிக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். படுக்கையில் விழுந்ததும் பத்துக் கடிதங்கள் எழுதவைத்தார். எல்லாவற்றிலும் தான் சுகம் என்றே சொன்னார். பிறகு என்னிடம் சொன்னார்:

"நான் மௌத்தானா அவனுக்கு அறிவிக்காத, மகன். வேலைய விட்டுட்டு ஓடி வந்திருவான். அவன்ட கடிதம் வரக்குள்ள ஒண்டொண்டாப் போடு."

திகதிக்கு மட்டும் இடம் விட்டேன்.

அவன் கடிதம் வரும். நான் திகதி போட்டு ஒன்றை அனுப்புவேன். மறுபடி வரும். கபுறுக்குள் இருப்பவரின் கடிதத்துக்கு முத்திரை ஒட்டும் ஆள் ஊரிலேயே நான் ஒருவன்தான் என்று மனைவி குத்திக்காட்டுவாள்.

ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்து, மூன்றாவதாக வந்ததைப் பிரித்தேன். எழுத்து அவனுடையது. திகதி வேறு மை, வேறொருவர் கை. விட்டிருந்த இடம் அதிகம். எண்கள் நடுவில் தனியே நின்றன. முந்திய இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். அவையும் அப்படியே. சாச்சியின் கடிதங்களில் கேட்டிருந்த எதற்கும் அவற்றில் பதில் இல்லை.

அங்கேயும் முன்கூட்டியே எழுதிவைத்த ஒரு கடிதக் கட்டு இருக்கிறது. நான் போட்டால் அங்கிருந்து ஒன்று வரும். வந்தால் நான் போடுவேன். இரண்டு பக்கமும் பேசுகிற ஆள் இல்லை. அவன் உயிரோடு இருக்கிறானா? இருந்தால், பெற்ற தாய்க்காகக் கையேந்தி ஒரு துஆக்கூடக் கேட்காமல் இருக்கிறான். அதை மறித்து வைத்திருப்பவன் நான். அல்லாஹ்விடம் என்ன சொல்வேன்?

மௌத்துச் செய்தியையும், சாச்சி எழுதவைத்த கடிதங்களைப் பற்றியும் எழுதினேன். ஆனால் அங்கிருப்பவர் உறையைப் பிரிக்காமலே அடுத்ததை அனுப்பிவிடுவார். அதனால் உறையின் மேலேயே எழுதினேன்: "திகதி போடும் தம்பிக்கு. இதற்கு அவன் எழுதிவைத்ததை அனுப்ப வேண்டாம். அவன் எங்கிருந்தாலும் இதை அவன் கையில் கொடுங்கள்."

இரண்டு மாதம் ஒன்றும் வரவில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி வாசலைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு முறையும் எழுந்து வெளியே வந்து பார்த்தேன்.

பிறகு வந்தது. முதலில் திகதியைத்தான் பார்த்தேன். அதுவும் அவன் கைதான். தபால் போகாத பாலைவனத்தில் குழாய் போடும் வேலைக்கு அனுப்பிவிட்டார்களாம். உம்மா பயப்படக்கூடாதென்று கடிதங்களை முன்கூட்டியே எழுதி, திகதி போட்டு அனுப்பச் சொல்லி அறைத் தோழனிடம் கொடுத்துவிட்டுப் போனானாம். தொழுது துஆக் கேட்டானாம். கடைசியில் ஒரு வரி:

"உம்மா எழுதவைத்தது மிச்சம் இருந்தால் அனுப்புங்கள், காக்கா. திகதி போட வேண்டாம்."