சங்கத்துக் கடப்பாரை

எங்கள் வீட்டுப் பால்கனியில், துணிக்கொடிக்குக் கீழே, ஒரு கடப்பாரை சுவரில் சாய்ந்து நிற்கிறது. மூன்றாவது மாடி வாடகை வீடு இது. பழைய இரும்பு வாங்குகிறவர் தெருவில் குரல் கொடுக்கும்போதெல்லாம் என் மருமகளின் கண் முதலில் அந்தக் கடப்பாரை மேல்தான் போகும். இரண்டு தடவை அவரை மேலே கூப்பிட்டும்விட்டாள். இரண்டு தடவையும் நான் போய் அதற்கு முன்னால் நின்றுகொண்டேன். அது நம்முடையது இல்லை, சங்கத்துடையது என்று சொன்னேன். எந்தச் சங்கம் என்று கேட்டாள். சொல்லத் தொடங்கினால் குக்கர் விசில் அடித்துவிடும், அவளுக்கும் வேலைக்கு நேரமாகிவிடும். அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில், கல்யாணமான புதிதில், நான் காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தின் ஒரு மூலையில் குடியிருந்தேன். ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் ஏழு வீடுகள், ஏழும் ஒரே வீட்டுக்காரருக்குச் சொந்தம். வீடு என்று சொல்வது பழக்கதோஷம். ஓர் அறை, அந்த அறையில் ஒரு தறி, தறி போக மிச்சமிருந்த இடத்தில் நாங்கள். பட்டுத்தறிக்குத் தரையில் குழி தோண்ட வேண்டும், நெய்கிறவர் அதில் காலை இறக்கி உட்கார்ந்துதான் மிதிக்க வேண்டும். ஊரில் வாடகைக்கு வீடு இல்லாமல் இல்லை. ஆனால் நெசவுக்காரன் என்று சொன்னதுமே வீட்டுக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி, தரையைத் தோண்டுவியா என்பதுதான். தோண்டுவேன் என்றால் கதவு சாத்திக்கொள்ளும். தோண்டமாட்டேன் என்றால் சோறு கிடையாது. அப்படித் தோண்டவிட்ட வீடு என்பதால்தான் அந்த ஏழு வீடுகளை யாரும் விட்டுப் போகவில்லை. பக்கத்திலேயே கால்வாய் ஓடியது. மழை பிடித்தால் குழிகளில் அடியிலிருந்து தண்ணீர் ஊறும். மேல்தெருச் சாயப்பட்டறையில் அன்றைக்கு என்ன நிறம் போட்டார்கள் என்று எங்கள் குழியைப் பார்த்தே சொல்லிவிடலாம். அரக்கு நிறத் தண்ணீரில் முழங்கால் நனைய உட்கார்ந்து என் கணவர் மயில்கழுத்து நிறப் புடவை நெய்திருக்கிறார்.

முதல் வீட்டில் இருந்தவர்தான் செயலாளர். அவருக்கு வேறு பெயர் இருந்தது. ஆனால் சங்கம் தொடங்கிய பிறகு அவர் பெண்டாட்டியே அவரைச் செயலாளர் என்றுதான் கேலியாகக் கூப்பிடுவாள். அந்த ஏழு வீடும் அக்கம்பக்கத்து வரிசைகளும் சேர்ந்து அமைத்த குடியிருப்போர் சங்கம் அது. ஜரிகை வியாபாரம் செய்த ஒரு பாய் தலைவர், ஏனென்றால் எங்களில் அவரிடம் மட்டும்தான் நாற்காலி இருந்தது. பெண்பிள்ளை ஒருத்தியாவது இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னதால், நூல் இழைத்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு மாதர் பிரதிநிதி ஆக்கினார்கள். கூட்டங்களில் என் வேலை டீ போடுவது. அதைச் செயலாளரிடம் ஒரு நாள் குத்தலாகச் சொன்னேன். மறு கூட்டத்தில் அவரே அடுப்பு மூட்டி டீ போட்டு, என்னைப் பேசச் சொன்னார். டீ வாயில் வைக்க முடியவில்லை, நான் பேசியதும் ஏறக்குறைய அப்படித்தான்.

நாங்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஊருக்கு மேற்கே புறம்போக்கு நிலம் கொஞ்சம் மேடாகக் கிடந்தது. அதில் குடும்பத்துக்கு ஒரு மனை. வீடு கட்டித்தர வேண்டாம். செயலாளர் எல்லா மேடையிலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்: "கூரை நாங்க போட்டுக்கிறோம், சுவரு நாங்க வெச்சிக்கிறோம், தோண்டுறதுக்குத் தரையை மட்டும் குடுங்க." தறியை நிறுத்திவிட்டு, துணிப்பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு தாலுக்கா ஆபீசுக்கு நடப்பார். அதிகாரி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றி விட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். ஒரு நாள் யாரோ அந்தச் செருப்பையும் கொண்டுபோய்விட்டார்கள். கோடை வெயிலில் வெறுங்காலோடு வந்து சேர்ந்தவர், "மனு குடுத்தேன், செருப்பை எடுத்துக்கினாங்க, இனிமே எதுவும் பாக்கியில்லம்மா" என்று சிரித்தார். உள்ளங்கால் கொப்பளித்திருந்தது.

பல வருஷம் நடந்த பிறகு, மெட்ராசிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து நேரில் பார்ப்பார் என்று தகவல் வந்தது. அந்தச் சமயத்தில் எங்கள் கழுத்துக்குக் கத்தியும் வந்திருந்தது. வீட்டுக்காரர் அந்த ஏழு வீட்டையும் இடித்துக் கல்யாண மண்டபம் கட்டப் போகிறவருக்கு விலை பேசியிருந்தார். தை பிறந்ததும் காலி செய்ய வேண்டும். மனை கிடைத்தால் பிழைத்தோம், கிடைக்காவிட்டால் தெரு. தகவல் வந்த அன்றே செயலாளர் ஆளாளுக்குக் கொடுத்ததைச் சேர்த்துக்கொண்டு போய் இந்தக் கடப்பாரையை வாங்கிவந்தார். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தன் வீட்டு மூலையில் நிறுத்தினார். புது மண்ணில் முதல் குழி இதால்தான், அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது என்றார். நாங்கள் அதைக் கும்பிட்டோம், சொல்ல என்ன வெட்கம்.

அதிகாரி வருவதற்கு முன் எல்லோரையும் கூட்டி வைத்து செயலாளர் ஒன்றுதான் சொன்னார். எதையும் மாற்ற வேண்டாம், இருப்பது இருக்கிறபடி இருக்கட்டும். அதிகாரி என்ன பேசினாலும் சரி, கடைசி வீட்டுக் குழியை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டால் போதும், மனை வந்த மாதிரிதான். கடைசி வீடு இருந்ததிலேயே பள்ளம். அந்த வீட்டு அண்ணனுக்கு ஐப்பசி கார்த்திகை முழுக்கக் காலில் சேற்றுப்புண். விரலிடுக்கெல்லாம் வெளுத்து, தோல் உரிந்து, பார்க்கவே சகிக்காது. எல்லோரும் தலையாட்டினோம். தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனதும் மனசு கேட்கவில்லை. அவ்வளவு பெரிய மனிதர் நம் வாசலுக்கு வருகிறார், குப்பையும் கூளமுமாக எப்படி விடுவது? ஒருத்தர் சுண்ணாம்பு கரைத்தார், அதைப் பார்த்து இன்னொருத்தர். விடிந்தபோது ஏழு வீட்டுச் சுவரும் வெள்ளையாக இருந்தது, ஏழு வாசலிலும் கோலம். செயலாளர் வெளியே வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் தன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். அங்கேதான் கோலம் எல்லாவற்றிலும் பெரிதாக இருந்தது. அவர் பெண்டாட்டி போட்டது.

ஜீப் வந்தது. அதிகாரி நல்லவர்தான், முகத்தில் கடுமை இல்லை. பாயுடைய நாற்காலியில் உட்காரவில்லை, நேரமில்லை என்றார். ஒவ்வொரு வீட்டையும் வாசலில் நின்று பார்த்து, நல்லா வெச்சிருக்கீங்களே என்று சொல்லிக்கொண்டே வந்தார். செயலாளர் அவர் பின்னாலேயே போனார், கடைசி வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சேர்க்கிற அவசரம் அவர் நடையில் தெரிந்தது. கடைசி வீட்டுத் தறியில் அப்போது ஒரு கூரைப்புடவை ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் மணவறையில் கட்டப்போகிற அரக்குப் பட்டு. தறி இருக்கிற இடத்துக்கு எப்போதுமே யாரும் செருப்போடு போவதில்லை, கூரைப்புடவை ஏறியிருக்கும்போது கேட்கவே வேண்டாம். அதிகாரியின் காலில் கயிறு கட்டிய பூட்ஸ்.

அந்த வீட்டு அண்ணி வாசல் நிலையில் கைகூப்பி நின்றிருந்தாள். "வாங்க ஐயா, உள்ள வாங்க. காலுல இருக்குறதை மட்டும் கழட்டிட்டு வந்துடுங்க. கூரைப்புடவை ஏறியிருக்குது" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அதிகாரி தன் பூட்சைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், சிரித்தார். "இங்கிருந்தே நல்லாத் தெரியுதும்மா" என்றார். தாலுக்கா ஆபீஸ் வாசலில் அத்தனை வருஷம் செருப்பைக் கழற்றிப் போட்ட மனிதர் இவர்கள் இருவருக்கும் நடுவில் நின்றார். அப்படியே வாங்க ஐயா, பரவாயில்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அவர் வாய் திறந்ததை நான் பார்த்தேன். அண்ணியின் முகத்தையும் பார்த்தார். அந்த வார்த்தை வரவில்லை. "குழியில தண்ணி நிக்குது ஐயா, ஒரு தபா எட்டிப் பார்த்துட்டீங்கன்னா..." என்று மட்டும் சொன்னார். வாசலிலிருந்து பார்த்தால் குழி தெரியாது, தறிமேல் இருக்கிற புடவைதான் தெரியும். அதிகாரி அந்தச் சிவப்பையும் ஜரிகையையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் அண்ணனே குழியிலிருந்து ஏறி வந்துவிட்டார். பெரியவர் வந்திருக்கும்போது உட்கார்ந்திருப்பது முறையில்லை அல்லவா. ஏறும்போதே துண்டால் காலை ஒற்றித் துடைத்துக்கொண்டு, மடித்துக் கட்டியிருந்த வேட்டியைக் கணுக்கால் மறையும்படி இறக்கிவிட்டுக்கொண்டார். அதுவும் மரியாதைதான். எப்படியப்பா இருக்கீங்க என்று அதிகாரி கேட்டார். எங்கள் ஊரில் ஒரு பெரிய மனிதர் அப்படிக் கேட்டால் சொல்வதற்கு ஒரே பதில்தான் உண்டு. அண்ணன் கைகட்டிக்கொண்டு, "ஐயா புண்ணியத்துல நல்லா இருக்குறோங்க" என்றார்.

ஜீப் போனதும் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. செயலாளர் நேராக அண்ணனிடம் போய், குனிந்து, அவர் வேட்டியை முழங்கால் வரை தூக்கினார். பாதம் ஊறி வெளுத்திருந்தது, விரலிடுக்கில் ரத்தம் கசிந்திருந்தது. "இதைக் காட்டியிருக்கலாமேப்பா" என்றார். "பெரியவங்க முன்னாடி வேட்டியைத் தூக்கிக்கினு எப்படிண்ணே நிக்கிறது?" என்றார் அண்ணன். அண்ணி அப்போதுதான் என்ன நடந்துபோயிற்று என்று புரிந்துகொண்டு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். செயலாளர் வேட்டியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "அழாதம்மா. என் வூடா இருந்தாலும் நானும் கழட்டத்தான் சொல்லியிருப்பேன்" என்றார். அவர் அதைச் சொல்லாமல் எங்களைத் திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது எனக்கு.

குடியிருப்பு திருப்தியாக உள்ளது, மனை அவசியமில்லை என்று முடிவாகிவிட்டதாகத் தாலுக்கா ஆபீசில் வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். செயலாளர் மறுபடி போனார், மறுபடி அதையே சொன்னார்கள். தை பிறந்தது. வீட்டுக்காரர் ஆள் அனுப்பினார். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: குழி தோண்டிக் குடியிருந்தவன் போகும்போது குழியை மூடி, மண்ணை மிதித்துத் தரையைச் சமமாக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். தறிக்கால்கள் மண்ணில் ஆழமாகப் புதைந்திருந்தன, கையால் அசைக்க முடியவில்லை. செயலாளர் உள்ளே போய் அந்தக் கடப்பாரையை எடுத்துவந்தார். குங்குமம் அப்படியே இருந்தது. அதைத் துடைக்கவில்லை. முதலில் தன் தறிக்காலைப் பெயர்த்தார், பிறகு வரிசையாக ஒவ்வொரு வீடாக வந்து எல்லோருடையதையும் பெயர்த்துக் கொடுத்தார். நாங்கள் கூடை கூடையாக மண் கொண்டுவந்து கொட்டினோம். கடைசி வீட்டுக் குழியில் போட்ட மண் சேறாகிக்கொண்டே போயிற்று, எவ்வளவு கொட்டியும் நிரம்பவில்லை. அண்ணி அந்த மண்ணை மிதிக்க மறுத்துவிட்டாள். தறி நின்ற இடம், மிதிக்கிற இடமா அது என்று கேட்டாள்.

ஏழு குடும்பமும் ஏழு திசையில் போனோம். கடைசி வீட்டுக்காரர்கள் திருப்புட்குழிப் பக்கம் போய் வயல் வேலையில் சேர்ந்தார்கள். தோண்டவிடுகிற வீடு கிடைக்காமல் என் கணவர் ஒரு முதலாளியின் தறிக்கொட்டடியில் கூலிக்கு உட்கார்ந்தார். வண்டியில் சாமான் ஏற்றும்போது செயலாளர் கடப்பாரையை எங்கள் சாமானோடு வைத்தார். அவர் போகிற வீட்டில் அதை நிறுத்தி வைக்கக்கூட இடமில்லை. "உன்கிட்ட இருக்கட்டும்மா. எடம் கெடைச்சதும் வந்து வாங்கிக்கிறேன்" என்றார். அதற்குப் பிறகும் மனு கொடுப்பதை அவர் நிறுத்தவில்லை. கடைத்தெருவில், பஸ் நிலையத்தில், கோயில் திருவிழாக் கூட்டத்தில், எங்கே பார்த்தாலும் சௌக்கியம் கேட்கமாட்டார். "கடப்பாரை பத்திரமா இருக்குதாம்மா?" என்பார். இருக்குதுண்ணே என்பேன். "துரு ஏறாம எண்ணெய் போட்டு வையி" என்பார். கேட்கக் கேட்க அவர் குரல் மெலிந்துகொண்டே வந்தது. சில நாள் அவரைத் தூரத்தில் பார்த்துவிட்டு நான் வேறு சந்தில் திரும்பியிருக்கிறேன், அந்தக் கேள்வியைத் தாங்க முடியாமல்.

அவர் இறந்த செய்தி வந்தபோது நான் கடப்பாரையைப் பழைய புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். இது என்னம்மா என்று கண்டக்டர் கேட்டார். சாவுக்குப் போறேன் என்றேன், அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. வீட்டுக்காரர் உடலை உள்ளே வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டதால் அவரைத் தெருவில், கீற்றுப் பந்தலுக்குக் கீழே கிடத்தியிருந்தார்கள். பாதி உடம்பில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. எல்லாம் முடிந்த பிறகு அவருடைய மகனிடம் கடப்பாரையைக் கொடுத்தேன். அவன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். புடவையை விலக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி என்னிடமே நீட்டினான். "எனக்கு எதுக்குங்க அத்தை? நான் இருக்குறதும் வாடகை வூடுதான்" என்றான். வந்த பஸ்ஸிலேயே அதைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடு மாறிவிட்டோம். ஒவ்வொரு வீட்டுக்கும் அது கூடவே வந்தது. இப்போது இங்கே, கீழே மூன்று குடித்தனத்துக்கு மேலே இருந்துகொண்டு, மழைக்காலத்தில் நான் அதற்கு எண்ணெய் போடுகிறேன். போன வாரமும் போட்டுக்கொண்டிருந்தேன். துணி எடுக்க வந்த மருமகள் நின்று பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, பாவமாகத்தான் கேட்டாள்: "இந்த மூணாவது மாடியில எங்க அத்தை தோண்டப் போறீங்க?" நான் நுனிவரைக்கும் எண்ணெயைத் தேய்த்து முடித்து, அதைப் பழையபடி சுவரில் சாய்த்து வைத்தேன். தரையில் டைல்ஸ். கீறல் விழுந்தால் வீட்டுக்காரர் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார் என்று அடியில் ஒரு துணியை மடித்துப் போட்டேன்.