இடக்கை அராவிய சாவி

கம்பியைப் பூட்டுக்குள் நுழைத்துவிட்டேன். "கைய எடு" என்றார் பின்னாலிருந்து டெய்லர். நான் எடுக்கவில்லை.

இது நடந்தது. நான் காதால் கேட்டு, கையால் தொட்டது. நம்ப மாட்டேன் என்பவர்களோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. மற்றவர்கள் கேளுங்கள்.

மூன்றாவது மாடி. இரும்புக் கதவு. மதியம் இரண்டே முக்கால். குப்பை கொட்டக் கீழே போன அம்மாக்காரி திரும்பி வருவதற்குள் காற்றில் கதவு அடித்துச் சாத்திக்கொண்டுவிட்டது. சாவி உள்ளே. மூன்று வயதுப் பெண் குழந்தையும் உள்ளே. அடுப்பில் வைத்த பால் பொங்கித் தீ அணைந்திருக்க வேண்டும், கதவிடுக்கில் கேஸ் நாற்றம் குப்பென்று வந்தது. டிரில் போட்டால் பொறி பறக்கும். கதவை உடைத்தாலும் அதே பயம். கையால்தான் திறந்தாக வேண்டும். அதற்குத்தான் என் பூட்டுக் கடைக்குப் போன் போட்டிருந்தாள்.

கீழ்வீட்டு டெய்லர் என் முகத்தை உற்றுப் பார்க்கும் வரை எல்லாம் சரியாகத்தான் போனது.

"இவ யாருன்னு தெரியுதாம்மா? அந்தப் பூட்டுக்காரன் பொண்ணு. நாலு கொலை பண்ணானே, அவன்."

அம்மாக்காரியின் முகம் வெளுத்தது.

"அவனும் இப்படித்தான். மொதல்ல ஒத்தாசைக்கு வருவான். காசு குடுத்தாலும் வாங்க மாட்டான். அப்புறம் ஒருநாள் கள்ளச்சாவியோட வருவான்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஆபத்துக்கு உதவுகிற சாக்கில் அப்பா அந்த வீட்டுச் சாவியை மெழுகில் அழுத்தி அச்சு எடுத்துக்கொள்வார். சில வாரம் கழித்து, ஆள் தூங்கும்போது உள்ளே போவார். சிறையிலேயே செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. பிணத்தை வாங்கக்கூட நான் போகவில்லை. போய் என்ன, போகாமல் என்ன? பள்ளிக்கூடம், கல்யாணப் பேச்சு, வாடகை வீடு என்று எந்த வாசலுக்குப் போனாலும் எனக்கு முன்னால் அந்த மனிதர் போய் நின்றுகொண்டிருந்தார். தொழிலை விட்டுவிடு என்றார்கள். ஏன் விட வேண்டும்? கொன்றது அவர் கை. இது என் கை.

என் வீட்டுப் பூட்டை நானே செய்தேன், அவர் செத்த பிறகு. அதற்கு ஒரே சாவி. அது என் கழுத்துச் செயினில் கிடக்கும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றுவதில்லை. பள்ளி விட்டதும் மகள் கடைக்கு வந்துவிடுவாள். இருவரும் சேர்ந்துதான் வீட்டுக்குப் போவோம்.

"சார், உள்ள கொழந்த இருக்கு. எங்கப்பன அப்புறமா திட்டலாம், நானும் சேந்து திட்டறேன்" என்றேன்.

அம்மாக்காரி டெய்லரை ஒதுக்கித் தள்ளினாள். "நீங்க தெறங்கக்கா."

பூட்டுக்குள் பின் என்கிற சின்ன உலோகக் குச்சிகள் ஐந்து. கம்பி முனையால் ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். மூன்று ஏறிவிட்டன. நாலாவது அசையவே இல்லை. உள்ளே குழந்தை இருமியது. அழுதது. மறுபடி இருமியது.

திடீரென்று அழுகை நின்றது.

பிறகு... கதவுக்கு அந்தப் பக்கம்...

கரக்... கரக்... கரக்...

பித்தளையில் அரம் ஓடும் சத்தம். நான் பிறந்தது முதல் கேட்ட சத்தம்.

நின்றது.

ஃபூ... ஃபூ...

சாவி அராவி முடித்ததும் தூளை இரண்டு தரம் ஊதுவார் அப்பா. அந்த ஊதல் கேட்டால் அம்மா தட்டை எடுத்து வைப்பாள்.

என் முதுகு சில்லிட்டது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது.

"போய்யா" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"யாரச் சொல்றீங்க?" என்றாள் அம்மாக்காரி.

"உங்கள இல்ல."

நாலாவது பின் ஏறியது.

நான் தூக்கவில்லை.

ஐந்தாவது...

க்ளிக்.

குழந்தை கதவோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. அடுப்பின் குமிழ் மூடியிருந்தது. குழந்தையின் கைக்கு எட்டவே எட்டாத ஜன்னல் விரியத் திறந்திருந்தது. அதன் உள்ளங்கையில் ஒரு சாவி.

அம்மாக்காரி அதைப் பிடுங்கிப் பார்த்தாள். "இது எங்களது இல்லியே. எங்க சாவி அதோ, ஆணியில தொங்குது."

குழந்தை என்னைக் காட்டியது. "அக்காவுக்காம். தாத்தா குடுத்தாரு."

"எந்தத் தாத்தா?"

குழந்தை அறையின் மூலையைக் காட்டியது. அங்கே யாருமில்லை.

புதுப் பித்தளை. இன்னும் சூடு ஆறவில்லை. அரம் பட்ட கோடுகள் எல்லாம் தப்பான பக்கம் சாய்ந்திருந்தன. அப்பாவுக்கு இடக்கை.

என் கூலியை வாய்விட்டுக் கேட்டு வாங்கினேன், டெய்லர் காதில் விழும்படி. வாசலைத் தாண்டும்போது அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

கடைக்கு வந்ததும் அந்தச் சாவியை வைஸில் இறுக்கினேன். நாலு உயிரை எடுத்த ஆள் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் சரியாகிவிடுமா? செத்த பிறகு நல்லவன் வேஷம் போட என் தொழில்தான் கிடைத்ததா?

அரத்தை எடுத்தேன். எந்தச் சாவியை அழிக்கும் முன்பும் அதன் பல்லை விரலால் தடவிப் படித்துவிடுவது வழக்கம். வாடிக்கையாளர் சாவி தவறிப்போய் அழிந்துவிடக் கூடாதே.

தடவினேன்.

மேடு. பள்ளம். ஆழப் பள்ளம். மேடு...

விரல் நின்றது.

இந்த வரிசை எனக்குத் தெரியும். நானே வெட்டிய வரிசை.

"அம்மா, வீட்டுக்குப் போலாமா?" என்றாள் மகள், பையை மாட்டிக்கொண்டு.

"இரு."

கழுத்துச் செயினை இழுத்தேன். இரண்டு சாவியையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன்.

பல்லுக்குப் பல் பொருந்தியது.

மொதல்ல ஒத்தாசைக்கு வருவான்...

என் சாவியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கழுத்தை விட்டு ஒருநாளும் இறங்காத சாவி.

அதன் பல்லிடுக்கில் மெழுகு ஒட்டியிருந்தது.